துறவி நண்டும் அதன் பெயரும்: பழவேற்காட்டுக் கரையில் பார்த்துத் தெரிந்துகொள்ளும் வழி

துறவி என்றால் வீட்டை விட்டுப் போனவர். இந்த நண்டோ வீட்டை விட்டு ஒரு நொடிக்கு மேல் வெளியே நிற்காது. நிற்கும் அந்த ஒரு நொடியும் இன்னொரு வீட்டுக்குள் நுழைவதற்காகத்தான். அதற்குப் போய்த் தமிழில் துறவி நண்டு, முனிவர் நண்டு, சந்நியாசி நண்டு என்று மூன்று பெயர். மூன்றுமே ஆங்கிலத்து ‘ஹெர்மிட் கிராப்’ வழியாக வந்தவை. பெயர் எங்கே பொருந்துகிறது, எங்கே வழுக்குகிறது என்பது நண்டைக் கையில் வைத்துப் பார்க்கும்போதுதான் பிடிபடும். ஒரு வற்று நேரத்தில் இரண்டரை மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

கரையில் யாரிடமாவது விசாரிக்க வேண்டியிருந்தால் புத்தகப் பெயரைச் சொல்லிக் குழப்ப வேண்டாம். “சங்குக்குள்ள இருக்குற நண்டு” என்று கேளுங்கள். ஆரம்பாக்கம் தாண்டித் தடா, சூளூர்ப்பேட்டைப் பக்கம் போனால் நண்டு தெலுங்கில் ‘எண்ட்ரகாய’ ஆகிவிடும், நத்தை மட்டும் அங்கேயும் ‘நத்த’தான்.

இடமும் நேரமும்

பழவேற்காடு ஏரி தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலுமாகப் பரந்து கிடக்கிறது, பெரும்பகுதி ஆந்திரத்தில். வங்கக் கடலுக்கும் ஏரிக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா தீவு. பொன்னேரியில் இறங்கிப் பேருந்து பிடித்தால் ஊருக்குள் போய்விடலாம். பார்க்க வேண்டிய இடங்கள் இரண்டு. ஒன்று ஏரிப் பக்கத்துச் சேற்றுத் திட்டு. இன்னொன்று பாலத்தைத் தாண்டி, லைட்ஹவுஸ் குப்பத்தை ஒட்டிய கடல் மணல். இரண்டிலும் இருக்கும் நண்டுகள் ஒரே மாதிரி இருக்காது. படகே தேவையில்லை.

ஏரி பறவைகள் சரணாலயம். அதற்குள் கண்ணால் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நண்டைத் தூக்குவது, தட்டில் விட்டுப் பார்ப்பது எல்லாம் கடல் பக்கத்தில். எல்லை எங்கே முடிகிறது என்று வனத்துறையிடம் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது.

கடல் ஒரு நாளில் இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றும். மறுநாள் அதே வற்றம் சுமார் 50 நிமிடம் தள்ளி வரும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர் அதிகம் உள்வாங்கும், அந்த நாட்களைத் தேர்ந்தெடுங்கள். சென்னைத் துறைமுகத்துக்கான அலை அட்டவணையில் மிகத் தாழ்ந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, அதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே கரையில் இருங்கள்.

இங்கே பலர் ஏமாறுவது ஒரு விஷயத்தில். அட்டவணை சொல்வது கடலின் நேரம். ஏரி நீர் குறுகிய முகத்துவாரம் வழியாக வடிய வேண்டியிருப்பதால் ஏரியில் வற்றம் தாமதமாகத்தான் வரும். முகத்துவாரம் மணல் தூர்ந்து கிடக்கும் கோடையில் ஏற்றமும் வற்றமும் கண்ணுக்கே தெரியாமல் போகலாம். அதனால் கடல் பக்கத்தை முதலில் முடித்துவிட்டு ஏரிக்குத் திரும்புவதே சரியான வரிசை.

மாதம் என்றால் ஜனவரியிலிருந்து மார்ச் வரை. வடகிழக்குப் பருவமழையில் ஆரணியாறும் காளங்கியும் கொண்டுவரும் நன்னீரால் ஏரியின் உப்பு குறைந்திருக்கும். கோடை முற்றினால் கடலை விடவும் உப்பு ஏறிவிடும். இடைப்பட்ட மாதங்களில் நண்டுக்கும் நல்லது, உங்கள் முதுகுத் தோலுக்கும் நல்லது. பூநாரைகள் இறங்கும் காலமும் அதுதான். கூட்டத்தைப் பார்த்தால் விலகி நடங்கள்.

எடுத்துப்போக வேண்டியவை

30 செ.மீ. × 45 செ.மீ. அளவில் ஆழமில்லாத வெள்ளை பிளாஸ்டிக் தட்டு, ஒரு வாளி, மி.மீ. குறித்த ஸ்கேல், கைக்கண்ணாடி லென்ஸ், ஒரு குடை. குடை உங்களுக்கில்லை, தட்டுக்கு. காலுக்குப் பழைய கான்வாஸ் ஷூ கட்டாயம் வேண்டும். செருப்பு சேற்றில் கழன்றுபோகும், வெறுங்காலைச் சிப்பி விளிம்பு கிழிக்கும், கெளுத்தி முள் குத்தினால் அன்றைய நாள் முடிந்தது. கலங்கிய நீரில் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடந்தால் தரையோடு படுத்திருக்கும் திருக்கை விலகிப் போய்விடும். முகத்துவாரத்துப் பக்கம் இறங்கவே வேண்டாம். வற்று நேரத்து இழுப்பு நீச்சல்காரரையும் கொண்டுபோகும்.

நத்தையா நண்டா

நீர் உள்வாங்கிய மணலில் ஆங்காங்கே தேங்கும் கணுக்கால் ஆழக் குட்டைகளுக்குப் பக்கத்தில் குந்தி உட்காருங்கள். நிழல் குட்டை மேல் விழக் கூடாது. முதல் இரண்டு நிமிடம் எதுவுமே நகராது. பொறுத்திருந்தால் ‘காலிச் சங்கு’ என்று நினைத்தவற்றில் ஒன்று சட்டென்று நிமிரும்.

உயிருள்ள நத்தை நகர்ந்தால் ஓடு வழுக்கிக்கொண்டே போகும்; பின்னால் மணலில் ஒரே ஓடையாகத் தடம் விழும். நண்டு குடியிருக்கும் ஓடு தட்டுத்தடுமாறி, விட்டுவிட்டு நகரும். தடத்தில் இரண்டு பக்கமும் புள்ளி புள்ளியாகக் கால் பதிந்திருக்கும், நடுவில் ஓடு இழுபட்ட கோடு. கையில் எடுத்தால் இன்னும் தெளிவு: நத்தை தன் வாயைத் தட்டையான ஒரு மூடியால் அடைத்துக்கொள்ளும். நண்டு அடைப்பது தன் கொடுக்கால்.

தூக்கும்போது ஓட்டின் கூர் நுனிப் பக்கத்தை இரண்டு விரலால் பிடியுங்கள், வாய்ப் பக்கத்தை வேண்டாம். உள்ளங்கையை ஈரமாக்கி, வாய் பக்கவாட்டில் பார்க்கும்படி வைத்து அசையாமல் இருங்கள். ஒன்றிலிருந்து மூன்று நிமிடத்துக்குள் முதலில் உணர்கொம்பு, பிறகு காம்பு மேல் நிற்கும் கண்கள், பிறகு கொடுக்கு என்று வரும். வரவில்லையென்றால் திரும்ப நீரில் விட்டு அடுத்ததைப் பாருங்கள். தீக்குச்சி காட்டுவது, ஊசியால் குத்துவது, பிடித்து இழுப்பது எல்லாம் கொலைதான். இழுத்தால் அது பிடியை விடாது, உடம்பு இரண்டாகப் பிய்ந்து வரும். ஏன் விடாது என்பதற்கு உள்ளே பார்க்க வேண்டும்.

ஓட்டுக்குள் என்ன இருக்கிறது

உயிருள்ளதில் இதைப் பார்க்க முடியாது, கூடாது. கரையில் வலை உதறும் இடத்துக்குப் போங்கள். கழிவாகக் கொட்டிக் கிடப்பதில் செத்துப்போன துறவி நண்டு ஒன்றிரண்டு இருக்கும். “அக்கா, இந்தக் கழிவுல ஒண்ணு எடுத்துப் பாத்துக்கட்டுமா?” என்று கேட்டால் மறுக்க மாட்டார்கள், சிரிப்பார்கள். செத்ததன் பிடி தளர்ந்திருக்கும் என்பதால் முன்பக்கத்தைப் பிடித்து ஓட்டின் சுழிப்போடு மெல்லத் திருகினால் முழுசாக வந்துவிடும்.

முன்பாதி வழக்கமான நண்டு: கெட்டித் தோடு, இரண்டு கொடுக்கு, நடக்க இரண்டு ஜோடிக் கால். அதற்குப் பின்னால் இன்னும் இரண்டு ஜோடி குட்டைக் கால்கள் மடங்கிக் கிடக்கும். அவை நடக்க உதவாது. ஓட்டின் உட்சுவரை உந்திப் பிடிக்கத்தான் அவை. பின்பாதியைத் தொட்டால் உரித்த இறால் போலக் கொழகொழவென்றிருக்கும், தோடே இல்லை. அது நேராகவும் இல்லை, வலப்பக்கமாகச் சுருண்டிருக்கும். வால் நுனியில் இரண்டு கொக்கிகள். இடதுபக்கத்துக் கொக்கி கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பெரியது. ஓட்டின் நடுவில் திருகிப்போகும் தண்டில் அந்த இடது கொக்கியை மாட்டிக்கொண்டுதான் உயிரோடிருக்கும் நண்டு தொங்குகிறது. லென்ஸில் பார்த்தால் கொக்கியின் பரப்பு அரம் போலச் சொரசொரப்பாக இருப்பது தெரியும்.

‘வலப்பக்கம்’ என்ற சொல்லில் தமிழ் வாசகர் கவனமாக இருக்க வேண்டும். விலங்கியலில் ஓட்டின் கூர் நுனியை மேலே வைத்து, வாயை நம்மைப் பார்க்கத் திருப்புவார்கள். வாய் வலதுபக்கம் இருந்தால் அது வலச்சுழி. உலகத்துக் கடல் நத்தைகளில் மிகப் பெரும்பாலானவை இந்த வகை. நம் ஊர்க் கணக்கு தலைகீழ்: கூர் நுனியைக் கீழே வைத்துப் பார்க்கும் வழக்கம். அதனால்தான் விலங்கியல் ‘வலச்சுழி’ என்னும் சாதாரணச் சங்கு நமக்கு இடம்புரி. அரிதாகக் கிடைக்கும் வலம்புரி அவர்களுக்கு ‘இடச்சுழி’. நண்டின் உடம்பு சாதாரண ஓட்டுக்கு ஏற்றபடி வளைந்தது, அவ்வளவுதான்.

கொடுக்கைப் பார்த்துப் பெயரைப் பிடிப்பது

இப்போது கையிலிருக்கும் உயிருள்ள நண்டின் இரண்டு கொடுக்குகளையும் ஒப்பிடுங்கள். கடல் மணலில் கிடைப்பதில் இடது கொடுக்கு வலதைப் போல ஒன்றரை, இரண்டு மடங்கு இருந்தால் அது பெரும்பாலும் ‘டயோஜெனிஸ்’ பேரினம். லென்ஸில் கண் காம்புகளுக்கு நடுவே அசையும் சின்ன முள் ஒன்று தெரிந்தால் உறுதி. ஏரிச் சேற்றில், கோபுரம் போல நீண்ட சிறு நத்தை ஓடுகளில், இரண்டு கொடுக்கும் ஏறக்குறைய சமமாக இருப்பவை ‘கிளிபனேரியஸ்’. இரண்டும் ஒரே குடும்பம்தான். ஐரோப்பியக் கரைகளில் அதிகம் காணப்படும் ‘பகுரஸ்’ குடும்பத்தில் வலது கொடுக்குதான் பெரிது. அந்தப் படங்களை வைத்துக்கொண்டு இங்கே தேடினால் குழம்பிவிடுவீர்கள்.

பெயர்களில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பண்டைய கிரேக்கத்தில், ஊருக்குள்ளேயே ஒரு பெரிய மண் தாழிக்குள் குடியிருந்த தத்துவக்காரர் டயோஜெனிஸ். முதுமக்கள் தாழியைப் பார்த்திருப்பவர்களுக்கு அந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. கிளிபனேரியஸ் என்பது லத்தீனில் தலை முதல் கால் வரை கவசம் பூண்ட குதிரை வீரன். ஒருவர் பார்த்தது தாழியை, இன்னொருவர் பார்த்தது கவசத்தை. இரண்டு பெயருமே நண்டின் குணத்தைப் பற்றிப் பேசவில்லை. பேசுவது ஓட்டைப் பற்றி.

‘ஹெர்மிட்’ கதையும் அதேதான். கிரேக்கத்தில் ‘எரெமோஸ்’ என்றால் ஆளற்ற பாழ்நிலம். அங்கே தனியே போய்க் குடிலில் ஒடுங்கியவர் ‘எரெமிதெஸ்’. அது லத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் ஹெர்மிட் ஆனது. ஒற்றை ஆள் மட்டும் நுழையக்கூடிய குடில், அதன் வாசலில் எட்டிப் பார்க்கும் முகம்: பெயர் வைத்தவர்கள் கண்டது இந்தச் சித்திரத்தை. பிரெஞ்சில் இது ‘பெர்னார் என்னும் துறவி’. உயிரினங்களுக்கு லத்தீன் பெயரிடும் முறையை நிலைநாட்டிய லின்னேயஸ் 1758-இல் ஒரு வடகடல் இனத்துக்கு ‘பெர்னார்டஸ்’ என்றே பெயர் வைத்தார். 1613-இல் பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டையைக் கட்டிய டச்சுக்காரர்களின் மொழியிலும் இது துறவிதான்.

தமிழுக்கு வரும்போதுதான் சறுக்கல். எரெமிதெஸில் முக்கியம் தனிமையும் குடிலும். துறவியில் முக்கியம் துறப்பது. குடிலைக் குறித்த சொல், குடிலை விட்டவரைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது. ஜப்பானியர் ‘யதோகரி’, அதாவது இரவல் வீட்டுக்காரன் என்கிறார்கள். அது நேராகச் சேர்கிறது. சங்கப் பாடல்களில் நண்டுக்கு அலவன் என்ற பெயரோடு கள்வன் என்ற பெயரும் உண்டு. அது வயல் நண்டைச் சொன்னது என்றாலும், இந்த ஆளுக்குத்தான் எழுதி வைத்தது போலிருக்கிறது.

கள்வனுக்குச் சாட்சியும் உண்டு. டச்சுக் கம்பெனியில் வேலை பார்த்தபடி இன்றைய இந்தோனேசியாவின் அம்போன் தீவில் இயற்கையை ஆராய்ந்த ரும்ஃபியஸ் (1627–1702), வெளுப்பதற்காக உயரமான பலகை மேல் காயவைத்த அழகான ஓடுகளை நிலத்துறவி நண்டுகள் இரவில் ஏறி எடுத்துக்கொண்டு, தங்கள் பழைய ஓடுகளை விட்டுப் போனதாக எழுதியிருக்கிறார். அந்தமானிலும் லட்சத்தீவிலும் இருக்கும் அந்த நிலத்துறவி நண்டுகளுக்குப் பிரெஞ்சு விலங்கியலாளர் லத்ரேய் 1829-இல் வைத்த பேரினப் பெயர் ‘கொயனோபிட்டா’. கூட்டாக மடத்தில் வாழும் துறவி என்று பொருள். தனித் துறவிக்கு நேர் எதிர்ச் சொல் அது. ஓட்டை உண்மையிலேயே துறப்பது அந்தக் குடும்பத்தில் ஒன்றே ஒன்று: தென்னை நண்டு. குட்டியாக இருக்கும்போது ஓட்டில் வாழ்ந்து, வளர்ந்ததும் முதுகைக் கெட்டியாக்கிக்கொண்டு ஓட்டை விட்டுவிடும். 4 கிலோ வரை வளரும். இந்தியாவில் அந்தமான்-நிகோபார் தீவுகளில்தான் இருக்கிறது. வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால் பிடிப்பதே குற்றம்.

வீடு மாறுவதைப் பார்ப்பது

முழுப் பயணத்திலும் அசல் காட்சி இதுதான், பாதிப் பேர் இதைத்தான் கெடுத்துக்கொள்கிறார்கள்.

தட்டில் அந்தக் குட்டையின் மணலையே 1 செ.மீ. பரப்புங்கள். அதே குட்டையின் நீரை 5 செ.மீ. ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீர் ஒரு சொட்டும் கூடாது. ஏரி நீரைக் கடல் நண்டுக்கு ஊற்றுவதும் கூடாது. உப்பின் அளவு திடீரென்று மாறினால் நண்டு சுருண்டுவிடும். ஒரே குட்டையிலிருந்து, ஓடு அளவில் சற்றே ஏற்ற இறக்கமாக நான்கு நண்டுகள் போதும். பத்து விட்டால் சண்டை மட்டுமே பார்ப்பீர்கள்.

பிறகு ஆறு முதல் எட்டு காலி ஓடுகளை அதே கரையில் பொறுக்குங்கள். ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வட்டமாக, துளைப்பான் வைத்தது போல ஒரு துளை இருந்தால் நிலா நத்தை துளைத்துத் தின்றது. அதை நண்டு விரும்பாது. வாய் விளிம்பு உடைந்தது, உள்ளே மணல் இறுகியது, இரண்டையும் தள்ளுங்கள். நண்டுகள் இப்போது குடியிருக்கும் ஓடுகளின் வாய் அகலத்தை ஸ்கேலால் அளந்து, அதைவிட 1 முதல் 3 மி.மீ. அகலமானவற்றை வையுங்கள். அதற்கு மேல் பெரிதானால் சுமக்கக் கனம், வாயைக் கொடுக்கால் அடைக்கவும் முடியாது. கடையில் வாங்கிய ஓடு வேண்டாம்: அமிலத்தில் கழுவியோ வார்னிஷ் பூசியோ இருக்கும். தவிர, சில சங்கு இனங்களை வைத்திருப்பதே சட்டப்படி குற்றம்.

தட்டை நிழலில் வைத்து மூன்றடி தள்ளி உட்காருங்கள். கால் மணி நேரத்துக்குள் ஒன்று காலி ஓட்டைக் கண்டுபிடிக்கும். முதலில் உணர்கொம்பால் தடவும். பிறகு ஓட்டைக் கால்களால் பிடித்து உருட்டிப் பார்க்கும், கொடுக்கை உள்ளே முழுநீளத்துக்கும் விட்டுத் துழாவும். மணல் இருந்தால் வெளியே எடுத்துப் போடும். திருப்தியானால் இரண்டு ஓட்டின் வாயையும் எதிரெதிரே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்கும். அப்புறம் வெளிறிய உடம்பு ஒரு கணம் மின்னி மறையும். இமைத்தால் போச்சு. சில சமயம் பழைய வீடே தேவலை என்று திரும்பியும் போகும்.

அது விட்டுப்போன ஓட்டுக்கு அடுத்த அளவு நண்டு வந்தால், அதன் ஓட்டுக்கு அதற்கடுத்தது வரும். ஒரு காலி வீடு இப்படி வரிசையாக நான்கைந்து பேரின் நெருக்கடியைத் தீர்த்துவைக்கும். காலி ஓடு அரிதான கரைகளில் நண்டுகள் ஒன்றையொன்று தேடி வருவதற்கு இது ஒரு காரணம். தனித் துறவி என்ற பெயர் இங்கே முற்றாக உடைகிறது.

சில நேரம் ‘டக் டக் டக்’ என்று சத்தம் கேட்கும். ஒரு நண்டு தன் ஓட்டால் இன்னொன்றின் ஓட்டை மோதுகிறது. வீட்டைக் காலி செய் என்று பொருள். உள்ளே இருப்பது பிடியை விட்டால் இழுத்து வெளியே போட்டுவிட்டுக் குடிபுகும். துரத்தப்பட்டது வெறும் உடம்போடு நின்றால் பொருத்தமான காலி ஓடு ஒன்றை அதன் பக்கம் மெல்ல நகர்த்துங்கள். அந்த நிலையில் உதவுவது தவறில்லை.

யாரும் நகரவில்லையென்றால் காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று: நீர் சூடாகிவிட்டது, உங்கள் நிழல் தட்டின் மேல் விழுகிறது, அல்லது இப்போதைய ஓடே அவற்றுக்குச் சரியாக இருக்கிறது. முதல் இரண்டைச் சரிசெய்யலாம். மூன்றாவதற்கு ஒன்றும் செய்ய வேண்டாம். 20 நிமிடத்துக்கு ஒருமுறை பாதி நீரை மாற்றுங்கள். மொத்தம் ஒரு மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம். தட்டில் அசையாத, காலியான நண்டுத் தோல் கிடந்தால் செத்துவிட்டதென்று பதற வேண்டாம். உள்ளீடில்லாமல் கண்ணாடித்தாள் போல லேசாக இருந்தால் அது உரித்த சட்டை. ஆள் ஓட்டுக்குள் மெதுவாகக் கெட்டிப்பட்டுக்கொண்டிருப்பார். அதைத் தொந்தரவு செய்யாமல் முதலில் திருப்பி விடுங்கள்.

திருப்பி விடுவது

எடுத்த குட்டையிலேயே, நீருக்குள், வாய் கீழாக வைத்து விடுங்கள். தூக்கி எறியக் கூடாது. பொறுக்கிய காலி ஓடுகளையும் அங்கேயே போடுங்கள். அலமாரிக்காக அள்ளிப்போகும் ஒவ்வொரு ஓடும் இங்கே ஒரு நண்டுக்கு வீடில்லாமல் ஆக்குகிறது. வளர்க்கலாமா என்று கேட்பவர்களுக்குப் பதில்: கூடாது. வீட்டுத் தொட்டியில் உப்பும் சூடும் கைமீறி, சில வாரங்களில் நாற்றம்தான் மிஞ்சும்.

கிளம்பும்போது கரையில் கிடக்கும் பிளாஸ்டிக் பாட்டில்களைப் பாருங்கள். வாய் மேல்நோக்கிச் சாய்ந்து கிடப்பதுதான் ஆபத்து. உள்ளே இறங்கும் நண்டுக்கு வழுக்குச் சுவரில் ஏறி வர முடியாது. இந்தியப் பெருங்கடலின் கொகோஸ் தீவுகளிலும் பசிபிக்கின் ஹெண்டர்சன் தீவிலும் இப்படி 5 லட்சத்துக்கும் மேல் துறவி நண்டுகள் செத்திருக்கும் என்று 2020-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. செத்த நண்டின் வாடை ‘இங்கே ஓடு காலி’ என்ற செய்தியாகப் பரவி, மற்றவற்றையும் அதே பாட்டிலுக்குள் இழுத்துவிடும். பாட்டிலை எடுத்ததும் பைக்குள் போட்டுவிடாதீர்கள். முதலில் மணல் மேல் கவிழ்த்து, அடியில் இரண்டு தட்டுத் தட்டி, ஏதாவது உருண்டு விழுகிறதா என்று பாருங்கள்.